தரிசு என்று எழுதிய நிலம்

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி ஆனந்தம்மாளுக்கு எழுபது சென்ட் நஞ்சை இருந்தது. புருஷன் போன பிறகும் வருஷம் தவறாமல் நெல் போட்டு வந்தார். போன மழைக்காலப் புயலில் உப்புத் தண்ணீர் கரை மீறி வந்து ஏழு நாள் நின்றது. வடிந்ததும் மண் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

பக்கத்து நிலக்காரர்கள் பயிர் வைக்காமல் விட்டுவிட்டார்கள். ஆனந்தம்மாள் எருவைக் கொட்டி, மேட்டுப் பாத்தி பிடித்து, தர்பூசணி ஊன்றினார். நல்ல தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றினார். ஞாயிறு பூசைக்கு வந்தாலும் அவர் நகக்கண்ணில் மண் இருக்கும்.

காய் பிடித்த சமயம், பயிர்க் காப்பீட்டுக்காக அடங்கல் நகல் வாங்கினார். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கணக்கு அது. நிலவரியும் அதை வைத்துத்தான். அதில் அவருடைய எழுபது சென்ட்டும் 'தரிசு' என்றிருந்தது. நேராகக் கிராம நிர்வாக அலுவலரிடம் போனார்.

"இன்னா சார் இது?"

புதிதாக வந்திருந்த ஜெயப்பிரகாஷ் கணக்கைப் பார்த்தார். "புயல் பாதிச்ச வரிசைன்னு முன்ன இருந்தவர் மொத்தமா எழுதிட்டாரும்மா. வரி தள்ளுபடி. உங்களுக்கு நல்லதுதானே?"

"பயிர் இல்லாதவங்களுக்குத்தானே தள்ளுபடி? என்னுதுல இருக்குது. வரி போடுங்க."

வேறு வேலையாக வந்திருந்த இருசப்பன் சிரித்துவிட்டார். "ஏம்மா, அவரே வரி வேணாம்னா விடேன்!"

"ரெண்டு மாசமா தண்ணி சுமந்திருக்கேன். ஒண்ணுமே பண்ணலன்னு எழுதி வச்சா எப்படி?" ஆனந்தம்மாள் நகலை மேசைமேல் வைத்தார்.

அன்றே ஜெயப்பிரகாஷ் நிலத்துக்கு வந்தார். கொடிக்குக் கொடி காய். வேகாத வெயிலில் வரப்போரம் நடந்து, "எழுபதும் தர்பூசணின்னே எழுதிடறேன்" என்றார்.

ஆனந்தம்மாள் அவரைக் கிழக்கு மூலைக்கு அழைத்துப் போனார்.

"இது வேணாம் சார். இந்த இருபத்தஞ்சு சென்ட்டும் தரிசுன்னே எழுதுங்க."

"கொடி படர்ந்திருக்குதேம்மா?"

"அந்தப் பக்கத்துலேர்ந்து ஓடி வந்த கொடி. இந்த மண்ணுல ஒரு விதைகூட முளைக்கல."

ஜெயப்பிரகாஷ் குனிந்து கொடியின் வேர் வரை தேடிப் போனார். பிறகு நாற்பத்தைந்து சென்ட் தர்பூசணி, இருபத்தைந்து தரிசு என்று குறித்துக்கொண்டார். திருத்திய நகல் அடுத்த வாரமே கிடைத்தது. அன்று சாயங்காலம் கோயில் வாசலில் ஆனந்தம்மாள் அதை ஒவ்வொருவரிடமும் நீட்டி, பயிரின் பேரை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.