வீடு பூட்டியிருந்தது

மோதி பாக் அரசாங்கக் குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது நடந்தது. பெரிய விளையாட்டுப் போட்டி வருகிறதாம், வெளிநாட்டுக்காரன் கண்ணுக்குத் தில்லி பளபளவென்று தெரிய வேண்டுமாம். ஸ்டேடியத்துக்குப் போகும் ரோட்டோரக் குடிசைகளை எடுக்க முடிவாயிற்று. எங்கள் வீட்டில் வேலை செய்த விழுப்புரத்துக்காரியின் குடிசையும் அதில் ஒன்று. கணக்கெடுப்பில் பேர் ஏறினால் மாற்று வீடு உண்டு. ஏறாவிட்டால் நடுத்தெருதான்.

"இன்னிக்குக் கணக்கெடுக்க வராங்களாம்மா, பத்து மணிக்கெல்லாம் போயிடறேன்" என்று காலையிலேயே சொன்னாள். எனக்கானால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெண்ணைப் பார்க்க ஜனக்புரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பஜ்ஜிக்கு நறுக்கணும், பாத்திரம் மலையாய்க் கிடக்கிறது. "அட போடி, சர்க்கார் ஆளுங்க சொன்ன நேரத்துக்கா வரப்போறாங்க? சாயங்காலம் போய்க்கோ, ஒண்ணும் குடி முழுகிடாது" என்றேன். மகராசி, வாழைக்காயை எடுத்துக்கொண்டு நறுக்க உட்கார்ந்தாள்.

அன்றைக்கென்று பார்த்து அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். கதவு பூட்டியிருந்தது. ஆள் குடியில்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். புருஷன் இல்லாதவள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். அக்கம்பக்கத்தார் சொன்னது எடுபடவில்லையாம்.

மறுநாள் அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். "நான் நேத்து இங்கதான் வேலையா இருந்தேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கம்மா. ஆபீசர் பார்க்கறேன்னு சொல்லியிருக்காரு." எழுதித்தான் இருப்பேன். என் வீட்டுக்காரர் குதித்தார்.

"பைத்தியமா உனக்கு? சர்க்கார் குவார்ட்டர்ஸ் அட்ரஸ்ல லெட்டரா? அவளுக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கோம்னு எவனாவது கிளப்பினா நம்ம வீடு போயிடும்!"

'நாளைக்குப் பார்க்கலாம்' என்று அவளிடம் சொன்னேன். பாவி, இரண்டு வாரம் அதையே சொன்னேன். அவளும் தினமும் கேட்டாள். அப்புறம் வேலைக்கு வருவதே நின்றுவிட்டது.

மனசு கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் ஹிந்தியில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆட்டோ பிடித்துப் போனேன். குடிசை இருந்த இடத்தில் புல்டோசர் நின்றது. ரோட்டோரத்தில் துணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள், பெண்கள் இரண்டும் பக்கத்தில். காகிதத்தை நீட்டினேன். படிக்கத் தெரியாதவள், "என்னம்மா போட்டிருக்கு?" என்றாள். தமிழில் சொன்னேன்: அன்றைக்கு இவள் என் வீட்டில்தான் இருந்தாள், போக விடாதது நான்தான்.

கேட்டுவிட்டுக் காகிதத்தை என்னிடமே கொடுத்தாள்.

"அந்த ஆபீசர் முந்தாநாள் வரைக்கும் இங்கதாம்மா மேஜை போட்டு உக்காந்திருந்தாரு."