செக்கர் ரோஸியின் குதிகாலும் வெள்ளை கவுன்களும்

ரோஸியின் கையில் ஒரு துணியைக் கொடுத்தால் அழகாயிருக்கிறதா என்று பார்க்க மாட்டாள். எங்கே கோணல் என்றுதான் பார்ப்பாள். தான் குடியிருக்கும் மேனாம்பேட்டில் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். மணப்பெண்ணின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லும்போதே ரவிக்கைக் கையில் ரெண்டு இடத்தில் தையல் விட்டுப்போயிருப்பது கண்ணில் பட்டுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியாரின் அங்கியில் தொங்கிய நூலையே பார்த்துக்கொண்டிருந்து பிரசங்கத்தைக் கோட்டை விட்டதாக அவளே சொல்லியிருக்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதி உடுப்பு தைக்கும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக ஃபைனல் செக்கர். தொழில்புத்தி அவ்வளவு லேசில் விடுமா?

தைத்து, இஸ்திரி போட்டு வரும் உடுப்பை டியூப்லைட்டின் கீழே மேஜையில் விரித்து, தோள் இரண்டையும் பிடித்துத் தூக்கி, உள்ளும் வெளியும் புரட்டிப் பார்ப்பது அவள் வேலை. பிழை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தையல்காரியிடமே திருப்பி அனுப்புவாள். சரியாயிருந்தால் ஏழு என்று நம்பர் போட்ட சின்ன வட்ட ஸ்டிக்கர். ஒவ்வொரு செக்கருக்கும் ஒரு நம்பர் உண்டு. ஏழாம் நம்பர் ஒட்டிய பெட்டியைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம் என்று வெளிநாட்டுக் கம்பெனிக்காரனின் ஆளே ஒருமுறை சொன்னான். பத்தாவது தாண்டாத ரோஸிக்கு அதுதான் பட்டம், பதவி எல்லாம். வீட்டு பிரிட்ஜ் கதவிலும் ஒரு ஏழாம் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வேலைக்கு நின்றே ஆகவேண்டும். எட்டரை மணி நேரம், சிமென்ட் தரை, தேய்ந்த ரப்பர் செருப்பு. நாற்பத்தாறு வயசில் வலது குதிகால் பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி மேல் மிதித்தது போல் உயிர் போகும். பத்து அடி நடந்தால் கொஞ்சம் விடும். சாயங்காலம் மறுபடியும் பிடிக்கும். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் உட்கார்ந்து நூல் வெட்டும் டிரிம்மிங் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், ஏழாம் நம்பர் போய்விடும். அந்தப் பயத்தில் மெடிக்கலில் வலிக்கான ஜெல் ட்யூப் ஒன்றை வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டாள்.

காலை டீ, மாலை டீ, இரண்டுக்கும் பத்துப் பத்து நிமிஷம். ரோஸி மேஜைக்கு அடியில் காலை மடக்கி, அரைவிரல் நீளம் போதும் என்றால் ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, அழுத்தித் தேய்ப்பாள். கை கழுவப் போக வேண்டுமென்றால் டோக்கன் வேண்டும். ஒரு லைனுக்கு இரண்டே டோக்கன், டீ நேரத்தில் அதற்கு அடிதடி. டோக்கன் இல்லாமல் பாத்ரூம் பக்கம் போனால் வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மா பேரை எழுதிக்கொள்வாள். எனவே அந்தக் கம்பெனியில் எல்லோரும் செய்வதைத்தான் ரோஸியும் செய்தாள்: கீழே கிடக்கும் வேஸ்ட் துணியை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்த உடுப்புக் கட்டை இழுத்துக்கொள்வது.

வீட்டில் வைத்தியம் இதைவிட மோசம். புருஷன் பால்ராஜ் லேத் பட்டறைக்காரன். தன் முதுகுவலிக்கு வாங்கி வைத்திருந்த மாத்திரையைத் தாராளமாக எடுத்து நீட்டினான்.

"இத்த போட்டுக்க. காத்தால ஒண்ணு, ராவுக்கு ஒண்ணு. எனுக்கு ஒரே நாள்ல உட்டுருச்சு."

"பிரஷர் மாத்திரை வேற சாப்புட்றேன்யா, ஒண்ணும் ஆவாதே?"

"அது தலிக்கி, இது காலுக்கு. ரெண்டும் எங்க போயி சந்திக்கப் போவுது?"

பால்ராஜின் மருத்துவ ஞானம் அவ்வளவுதான். ரோஸியும் அதை நம்பினாள். ராத்திரி ஜெல் தடவி, அதன்மேல் கிரேப் பேண்டேஜ் இறுக்கிச் சுற்றி, அதற்கும் மேலே வறுத்த உப்பு மூட்டையால் ஒத்தடம். எரிச்சல் எடுத்தால் மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

ஆகஸ்டில் வெள்ளைக் காட்டனில் கைக்குழந்தைகளுக்கான கவுன் ஆர்டர் வந்தது. மூன்றாவது வாரம், பெட்டிகளைச் சோதித்த வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் நாற்பத்தோரு கவுனைத் திருப்பி அனுப்பினான். தோள் பக்கம் எண்ணெய்க் கறை. நாற்பத்தொன்றிலும் ஏழாம் நம்பர்.

சூப்பர்வைசர் கிருஷ்ணப்பிரியா ரோஸியை விட வயதில் சின்னவள். திட்டத் தெரியாமல் திட்டினாள். "இன்னாக்கா இது? உன் டேபிள்ல இருந்தா இப்டி போவுது?"

ரோஸிக்கு முகம் சுருங்கிப்போனது. பதினோரு வருஷத்தில் முதல்முறை. ஒரு கவுனைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். தோள் தையலை ஒட்டிக் கண்ணாடி மாதிரி மங்கலாக ஒரு திட்டு.

"எங்கிட்ட வரசொல்ல இது இல்லடி. மிஷின் எண்ண தையலுக்கு உள்ள ஊறிக் கெடந்து ரெண்டு நாள் களிச்சி மேல வரும். கை ஏத்தறது யாரு? லாவண்யாதானே? அது மிஷின் ஒயுவுது."

சொன்னது ரோஸி. அதற்கு மேல் யார் விசாரிப்பார்கள்? குழந்தை கவுனுக்குக் கை வைத்துத் தைக்கும் லாவண்யா பட்டாபிராமிலிருந்து ரயிலேறி வருகிற பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, ஆனால் நல்ல தையல். அன்று மத்தியானமே அவளுக்கு மெமோ. மூன்று நாள் கழித்து இன்னும் ஆறு கவுன் கறையோடு வந்ததும் மிஷினிலிருந்து எழுப்பி டிரிம்மிங்கில் உட்கார வைத்தார்கள். லாவண்யா கத்திரியை எடுத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்ததை ரோஸி பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தன் நம்பர் தப்பித்தது என்ற நிம்மதி அந்தப் பாவத்தை விடப் பெரிதாயிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பேண்டேஜை அவிழ்த்தபோது குதிகாலைச் சுற்றித் தோல் சிவந்து, ரெண்டு கொப்புளம் போட்டிருந்தது. பித்தவெடிப்பில் ஜெல் பட்ட இடம் பச்சைப்புண்ணாய் எரிந்தது. இரண்டு கணுக்காலும் வீங்கிச் செருப்பு வார் ஏறவில்லை. மறுநாள் பெர்மிஷன் போட்டுவிட்டு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனாள்.

டாக்டர் சௌம்யா காலைப் பார்ப்பதற்கு முன்னால் பிரஷரைப் பார்த்தார். நூற்றெழுபது. "என்னென்ன சாப்பிடுறீங்க, என்னென்ன தடவுறீங்க, எல்லாத்தையும் மேஜைமேல எடுத்து வைங்க" என்றார். ரோஸி பையைக் கவிழ்த்தாள். டாக்டர் ட்யூபையும் பால்ராஜின் மாத்திரை அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"ரெண்டும் ஒரே மருந்தும்மா. மேல தடவி, உள்ள முழுங்கி, ரெட்டிப்பா ஏத்திக்கிட்டிருக்கீங்க. பிரஷர் ஏறும், காலு வீங்கும், கிட்னிக்கும் நல்லதில்ல. பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க இந்த மாத்திரையத் தானா வாங்கிப் போடவே கூடாது."

"அப்ப ஜெல்லும் தப்பாம்மா?"

"ஜெல் தப்பில்ல. மாத்திரைய விட ஜெல்லு உடம்புக்குள்ள போறது ரொம்பக் கம்மி. ஆனா தடவுற விதம் இருக்கில்ல? அதுக்கு மேல கட்டுப் போட்டு, சூடும் வெச்சா தோல் வெந்து, மருந்தும் கூடுதலா உள்ள இறங்கும். வெடிப்பு, புண்ணு மேல படவே கூடாது. இப்போதைக்கு எல்லாத்தையும் நிறுத்துங்க. தோல் ஆறட்டும், பிரஷர் இறங்கட்டும். அப்புறம் நான் சொன்னா மட்டும் கொஞ்சமா, ட்யூப் பெட்டியில போட்டிருக்கிற அளவுக்கு மேல போகாம தடவலாம். காய்ஞ்சப்புறம்தான் செருப்பு. ரெண்டு வாரத்துல கொறையலன்னா தடவிக்கிட்டே இருக்காதீங்க, இங்க வாங்க."

குதிகாலுக்கு அடியில் இருக்கும் தசைநார்ப் பட்டை வீங்கியிருக்கிறது, அங்கே தோல் தடிப்பு, ஜெல் முழுசாக இறங்காது, அதனால் மெத்தென்ற செருப்பும் காலையில் எழுந்ததும் பாதத்தை இழுத்து நீட்டும் பயிற்சியும்தான் முக்கிய வைத்தியம் என்று படம் போட்டுக் காட்டினார். ரோஸி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். சீட்டு எழுதிக்கொண்டே டாக்டர் கடைசியாகக் கேட்டார்.

"தடவினதும் சோப்புப் போட்டுக் கை கழுவுறீங்கல்ல? வீட்ல சின்னக் குழந்தை இருக்கா? அந்தக் கையோட குழந்தையத் தொடக்கூடாது. கண்ணுல பட்டாலும் வம்பு."

"ஊட்ல கொளந்த இல்லம்மா" என்றாள் ரோஸி. சொல்லி முடிப்பதற்குள் கம்பெனி மேஜை நினைவுக்கு வந்தது. வீட்டில் இல்லை, மேஜையில் இருந்தது. ஒரு நாளைக்கு அறுநூறு குழந்தைகளின் கவுன்.

திங்கட்கிழமை அரைமணி முன்னதாகவே கம்பெனிக்குப் போனாள். திரும்பி வந்த நாற்பத்தேழும் ஸ்டோரில் ஒரு பாலித்தீன் பைக்குள் இருந்தன. ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். மிஷின் எண்ணெயின் வாடை அவளுக்கு அத்துப்படி. இது அது இல்லை. மெல்லிசாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், ட்யூபின் வாடை. கவுனின் தோளை வழக்கம்போல் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரல் கறைமேல் போய் உட்கார்ந்தது. அவை வந்த கட்டுகளின் நேரம் குறித்த சீட்டுகளைப் பார்த்தாள்: ஒன்று விடாமல் டீ நேரத்துக்கு அப்புறம் பார்த்தவை. தடவிய கையில் ஒட்டியிருந்த ஜெல் அப்போது தெரியாது; அதிலிருக்கும் எண்ணெய் துணியில் பதிந்து மங்குவது பிறகுதான். ஊரார் தையலில் எல்லாம் ஓட்டை தேடியவளுக்குத் இத்தனை நாள் தன் விரலைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

கிருஷ்ணப்பிரியாவிடம் சொன்னாள். அவள் கதவைச் சாத்தினாள்.

"உனுக்கு இன்னா பைத்தியமாக்கா? மிஷின் ஆயில்னு ரிப்போர்ட் போயி, பாரின் கம்பெனிக்காரனும் ஒத்துக்கினான். மேட்டர் முடிஞ்சிபோச்சி. கொளந்த துணில மருந்துன்னு இப்ப போயி நின்னின்னா மேனேஜர் உன் நம்பர புடுங்கிருவாரு."

"அனுப்புன பொட்டில இன்னும் எத்தினி கீதோ? கொளந்த வாயில வெச்சி சப்பும்டி அத்த. அந்தப் பொண்ணு வேற செய்யாத தப்புக்கு டிரிம்மிங்ல குந்திகினு கீது."

"ஒரு மாசம் போனா நானே அத்த மிஷின்ல குந்த வெச்சிர்றேன். கம்முனு இரு."

நல்ல யோசனைதான். யாருக்கும் நஷ்டமில்லாத மாதிரியே இருந்தது. மத்தியானம் வரைக்கும் ரோஸி கம்மென்றுதான் இருந்தாள். ஏழாம் நம்பர் ஸ்டிக்கரை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒட்ட ஒட்டக் கை கூசியது. சாப்பாட்டு மணி அடித்ததும் மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள். முழுசாகச் சொல்லிவிட்டாள்: ட்யூப், வேஸ்ட் துணி, டோக்கன், தோளில் விழுந்த விரல், லாவண்யா பேரைச் சொன்னது, எல்லாம்.

மேனேஜர் கத்தினார். பிறகு அனுப்பிய பெட்டிகளை நிறுத்தி வைக்கச் சொல்லிப் போன் மேல் போன் போட்டார். கப்பல் ஏறாத பெட்டிகளில் ரோஸி டீக்குப் பிறகு பார்த்த கட்டுகளை எல்லாம் பிரித்துத் துவைத்து மறுபடி கட்டச் சொன்னார். டோக்கன் கதையைக் கேட்டபோதுதான் கொஞ்சம் அமைதியானார்; மறுநாளே செக்கிங் மேஜை ஓரத்தில் குழாயும் சோப்பும் வந்துவிட்டன. ரோஸியின் நம்பரும் போனது. "கால் ஆறுற வரைக்கும் டிரிம்மிங்ல உக்காரு, அப்புறம் பாக்கலாம்" என்றார். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று பதினோரு வருஷ அனுபவக்காரிக்குத் தெரியும். பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

சாயங்காலம் லாவண்யா மறுபடி தன் மிஷினில் வந்து உட்கார்ந்தாள். பெல்ட்டைத் தளர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் ரோஸி நொண்டிக்கொண்டே போனாள்.

"எம் மேலதான் தப்பு லாவண்யா. என் கை எண்ண அது. ஒம்மேல பளியப் போட்டுட்டேன்."

லாவண்யா நிமிர்ந்தாள். கோபமாகத் திட்டுவாள் என்று ரோஸி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டு போயிருப்பாள்.

"மூணு நாளா மிஷின தொறந்து தொறந்து தொடச்சேங்க்கா" என்றாள் அவள். "ஒரு சொட்டு எண்ண இல்ல. அப்பகூட என் கை மேலதான் எனுக்கு சந்தேகம் வந்துச்சி. ராத்திரி எங்க அம்மாகிட்ட, நான்தான் எங்கியோ கெடுத்துட்டேன்னு சொன்னேன்."

"ஏம்மா அப்டி சொன்ன?"

"ஏன்னா, சொன்னது நீங்க."