மேஜருக்கு ஊற்றாத ரம்

வாசகரே, சாட்சியாக வந்து என் அருகில் நில்லுங்கள். தீர்ப்புச் சொல்லியே கெட்டவன் நான். உங்களிடம் இன்னொரு தீர்ப்பைக் கேட்கமாட்டேன். நடந்ததை நடந்தபடி பார்க்க ஒருவர் வேண்டும், அவ்வளவே.

எண்பதுகளின் தொடக்கம். மதுக்கடைகள் மீண்டும் திறந்திருந்த காலம். கம்பத்துக்குத் தெற்கே, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் இருந்த என் தாய்மாமன் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை முற்பகலில் போயிருந்தேன். மதுரைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சொற்போர் மன்றத்தில் யார் எந்தக் கட்சி பேசுவது என்பதைச் சீட்டெடுத்துத்தான் முடிவு செய்வார்கள். ஒட்டியும் பேசுவேன், வெட்டியும் பேசுவேன். இரண்டிலும் கோப்பை வாங்கியிருந்தேன். வெட்டிப் பேசினால் கைத்தட்டல் கூடுதலாக விழும் என்பதும் தெரிந்திருந்தது.

மாமா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய மேஜர், தேக்கடிக்குப் போகும் வழியில் அன்று மாலை அரைமணி நேரம் வந்துபோவதாகக் கடிதம் எழுதியிருந்தார். பனிமலைக் காவலில் மாமாவின் விரல்கள் விறைத்துப்போன ஒரு நாளில், தம் பங்கு ரம்மைத் தம் கையாலேயே மாமாவின் குவளையில் ஊற்றியவர் அவர். அவருக்குத் தம் கையால் ஒருமுறை ஊற்றிவிட வேண்டும் என்பது மாமாவின் நெடுநாள் ஆசை. இராணுவக் கேன்டீனில் கிடைக்கும் பங்கு அந்த மாதம் தீர்ந்திருந்தது. ஆகவே தேனிக்குப் பஸ் ஏறி, கைக்கு எட்டும் விலையில் ஒரு ரம் வாங்கி வந்திருந்தார். ஏழாண்டு மரப்பீப்பாயில் முதிர்ந்தது என்றது லேபிள்.

“மாப்ளே, மதுரையில படிக்கிற புள்ள நீ. குடிச்சுப் பாத்துச் சொல்லு. அவுகளுக்கு இத ஊத்தலாமா?”

“நீங்களே சொல்லலாமே மாமா.”

“எனக்கு எது தொண்டையில எறங்குனாலும் ரம்முதேன். அவுக நாக்கு அப்பிடியில்ல.”

விடுதியில் இரண்டே முறை, அதுவும் சோடாவில் மூழ்கடித்துக் குடித்திருக்கிறேன் என்ற உண்மையை அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வந்ததிலிருந்து கொத்துக் கொத்தாகப் பன்னீர் திராட்சை தின்றுகொண்டிருந்ததையும் நினைத்துப் பார்க்கவில்லை. டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்தினேன், ஒரே மடக்கு. இனிப்பில் ஊறிய நாக்கில் அது கசந்தது, எரிந்தது. அந்த எரிச்சல் ஒன்றே போதுமென்று எழுந்து நின்றேன்.

“மாமா! இந்த நிறம் வயதால் வந்ததா, கருக்கிய சர்க்கரையால் வந்ததா? ஏழாண்டு என்று லேபிள் சொல்கிறது, பீப்பாய் சொல்கிறதா? நம்மைப் போன்றோர் பருகலாம். களம் கண்ட தளபதியின் முன் இதை வைப்பது வரவேற்பா, அவமதிப்பா?”

அடுக்களை வாசலில் நின்ற அத்தை சிரித்துவிட்டார். “ஒரு மொடக்குக்கே இம்புட்டுப் பேச்சா? முழுப் பாட்டிலும் உள்ள போனா எலெக்சன்ல நிப்பாரு போல!”

மாமா சிரிக்கவில்லை. மேலதிகாரியின் உத்தரவைக் கேட்பவர்போல் நின்று கேட்டார். பிறகு மூடியைத் திருகி, பச்சைத் தகரப்பெட்டியில் கம்பளிக்கு அடியில் பாட்டிலை வைத்துப் பூட்டினார்.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. நண்பகல் கடந்ததும் மனம் ஓரிடத்தில் நிற்க மறுத்தது. அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே! எதிர்க்கட்சி இல்லாத மேடை எனக்குப் பழக்கமில்லை. பந்தலுக்குள் போனேன், வந்தேன், மறுபடியும் போனேன்.

மேஜர் ஐந்து மணிக்கு வந்தார். மலையாளி, நெடிய உருவம், நரைத்த மீசை. அத்தை காப்பியும் முறுக்கும் வைத்தார். பழைய கதைகள் ஓடின. காப்பியை முடித்த மேஜர் டம்ளரைக் கவிழ்ப்பதுபோல் ஆட்டிக் காட்டினார்.

“எடோ, காப்பி நல்ல காப்பி. வேற ஒண்ணும் இல்லியா?”

மாமாவின் கண் பெட்டிக்குப் போனது. அங்கிருந்து என்னிடம் வந்தது. ‘கொடுங்கள் மாமா’ என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல் போதும். ஆயிரம் பேர் முன் தடுமாறாத நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“வாங்கி வைக்கல சார்,” என்றார் மாமா.

“சாரமில்ல, பரவால்ல,” என்று மேஜர் அவர் தோளைத் தட்டினார். திங்கட்கிழமை காலையில் இதே சாலையில் திரும்புவதாகவும், நிற்க நேரமிருக்காது என்றும் சொல்லிக் காரில் ஏறினார். கார் மறைந்த பிறகும் மாமா விறைப்பாகவே நின்றார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பெட்டிச் சாவியைக் கேட்டேன். இடுப்பிலிருந்து எடுத்துத் தந்தார். வாயைக் கிணற்றுத் தண்ணீரில் பலமுறை கொப்பளித்தேன். சிறிது ஊற்றி, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் காத்திருந்தேன். நெடி முதலில் மூக்கைக் குத்தியது. அது தணிந்ததும் வெல்லம் காய்ச்சிய கொப்பரையின் அடிக்காந்தல் வாசனை எழுந்தது. பிறகு உலர்ந்த திராட்சை. அதன் பின்னால் கிராம்பு போல ஏதோ ஒன்று. தொண்டையில் சற்று முரடு. சுவை நெடுநேரம் நிற்கவுமில்லை. ஆனால் கசப்பு துளியும் இல்லை. காலையில் கசந்தது என் வாயிலிருந்த திராட்சையின் வேலை. அந்த விலைக்கு அது மானமுள்ள ரம். எந்த மேஜரின் முன்னும் கூசாமல் வைக்கலாம்.

“மாமா, நல்ல ரம் இது. காலையில நான் சொன்னது அத்தனையும் தப்பு. அடடா, இதோட வாசனை…” என்று தொடங்கினேன்.

மாமா கையைக் காட்டி நிறுத்தினார். “காலையில பேசுனப்பவும் இப்பிடித்தேன் கண்ணு மின்னுச்சு. எத நம்பட்டும் மாப்ளே?”

அத்தையும் கேலி செய்யவில்லை. ஒட்டிப் பேசவும் வெட்டிப் பேசவும் கற்றிருந்தேன். நம்பும்படி பேச என்னிடம் என்ன இருந்தது? உட்கார்ந்தபடியே, தெருவில் போகிறவருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

“திங்கக்கெழம விடியவுமே ரோட்டுல போய் நிப்பேன் மாமா. அவுக கார மறிச்சு, ‘அன்னைக்கு வீட்ல ரம் இருந்துச்சு, மாமா ஆசையா வாங்கி வச்சிருந்தாக, நாந்தேன் ருசி தெரியாம வேணாம்னேன்’னு சொல்லுவேன். அதுக்கு மேல ஒரு வார்த்த பேச மாட்டேன்.”