ஐயாவுக்கு நித்திரை வந்த மத்தியானம்

ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்து ஒரு வருடம் ஆகப்போகிற நேரம். உரும்பிராயில் எங்கள் தோட்டத்துப் புகையிலைக் கன்றுகள் முழங்காலளவுக்கு வளர்ந்து நின்றன. அந்தத் தை மாதத்தில் ஒரு நாள் காலை எங்கள் கிணற்றடியில் நடந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

எனக்கு அப்போது கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பது வழக்கம் என்பதால், நானும் கணவரும் என்னைப் பெற்ற ஐயா அம்மாவோடுதான் இருந்தோம். என் ஒரே தம்பி மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டக் கந்தோரில் கிளாக்கராக இருந்தான். சண்டை அங்கே போனதும் அவன் கடிதம் நின்றுவிட்டது. உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

எங்கள் ஊரில் வெளியே கிளம்புகிறவர் "போறன்" என்று சொன்னாலே வாயில் அடிப்பார்கள். "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். வாயால் சொன்னது பலித்துவிடும் என்று அவ்வளவு பயம். அப்படிப்பட்ட ஊரில் தம்பிக்கு என்ன ஆகியிருக்கும் என்று யார் வாய் திறப்பது? யாராவது வந்து விசாரித்தால் அம்மா, "அவன் சுகமா இருக்கிறான்" என்று நேரில் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரிச் சொல்லுவாள். அத்தோடு கதை முடிந்தது.

கதைதான் முடிந்தது. இரவில் பாயில் படுத்துக்கொண்டு எல்லோரும் நித்திரை போல நடித்தோம். அந்த நடிப்பில் எங்கள் வீட்டாரை மிஞ்ச ஆளில்லை. அம்மாவுக்கு ஓயாத தலையிடி. ஐயா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிவிடுவார். தொட்டதற்கெல்லாம் சீறி விழுவார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. கேட்டால், "வேலை கூடிப்போச்சு" என்பார். வேலை என்றைக்குத்தான் குறைவாக இருந்தது?

எங்கள் தோட்டத்துக்குத் துலா மிதித்துத்தான் தண்ணீர் இறைப்போம். கிணற்றுக்கு மேலே ஏறி இறங்கி ஆடுகிற நீண்ட மரம்தான் துலா. ஐயா உயரத்தில் அந்த மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடப்பார். முன்னுக்கு வந்தால், நுனிக் கயிற்றில் கட்டிய தண்ணீர்ப் பட்டை கிணற்றுக்குள் இறங்கும். பின்னுக்குப் போனால் நிறைந்து மேலே வரும். என் கணவர் கீழே நின்று கயிற்றைப் பிடித்து, பட்டையை வாய்க்காலில் கவிழ்ப்பார். நான் தோட்டத்தில் நின்று ஒவ்வொரு பாத்திக்கும் தண்ணீரைத் திருப்புவேன். எத்தனை பட்டை இறைத்தாயிற்று என்பதை ஐயா சாமி பெயரோடு சேர்த்துப் பாட்டாக எண்ணுவார். கணக்கு வந்ததும் பாத்தி மாற்ற, அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் கீழே எங்கள் கை ஓடும்.

அன்றைக்குப் பாத்தி நிரம்பி வரம்புக்கு மேலால் தண்ணீர் ஓடத் தொடங்கியது. என்னடா இது என்று காது கொடுத்தேன். ஐயா நாற்பதைப் பாடினார். அடுத்த பட்டைக்கும் நாற்பது. அதற்கடுத்ததற்கும் நாற்பதுதான்.

"இஞ்சாருங்கோ, ஐயா நாப்பதிலையே நிக்கிறார்," என்றேன்.

"மாமா பகிடி விடுறார். நீர் தண்ணியைப் பாரும்," என்றார் கணவர்.

ஐயா சிரித்துப் பகிடி விட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. கால் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த முகத்தில் ஐயா இல்லை. நான் ஓடத் தொடங்கினேன். பாதி வழியில் பாட்டு நின்றது.

நிறைந்த பட்டை மேலே வருகிற நேரத்தில் அவர் கால் மரத்தை விட்டுவிட்டது. துலா கிணற்றுப் பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்தது. கயிறு என் கணவரைக் கிணற்று விளிம்பு வரைக்கும் இழுத்துப்போனது. கயிற்றை விட்டபடியால் பிழைத்தார். உள்ளங்கைத் தோல் உரிந்துபோயிற்று. ஐயா கீழே கல்லில் கிடந்தார். ஒரு கால் திரும்பக்கூடாத பக்கத்துக்குத் திரும்பியிருந்தது. விழுந்தவர் கத்தக்கூட இல்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

வண்டி அனுப்பி முறிவு வைத்தியரைக் கூட்டி வந்தோம். தொடை எலும்பு முறிந்திருந்தது. அவர் மருந்து அரைத்துப் புக்கை கட்டி முடித்தபின், கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வடிவா நித்திரை கொண்டு எவ்வளவு காலம்?"

ஐயா கூரையைப் பார்த்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

"அவர் நல்லாப் படுக்கிறவர்."

அந்த ஒரு பொய்யைத்தான் ஐயாவால் தாங்க முடியவில்லை.

"நான் எங்கையப்பா படுத்தனான்?" என்றார். "பொடியன் செத்துப்போனான் எண்டுதான் என்ரை மனம் சொல்லுது. கண்ணை மூடினா அவன்ரை பிரேதம்தான் தெரியுது."

அம்மா எழும்பி அவரிடம் போனாள். வாயைப் பொத்தப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் பாயோரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"எனக்கும் உதுதான் தெரியுது," என்றாள்.

பிறகு இருவரும் அழுதார்கள். நானும் அழுதேன். தம்பி தண்ணீர் கேட்பதாக எனக்கு வரும் கனவைச் சொன்னேன். வைத்தியர் சத்தம் போடாமல் வெளியே போய் வண்டியில் ஏறிவிட்டார். நான் உலையை வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது ஐயா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உடைந்த காலோடு, நல்ல வெயில் நேரத்தில். அம்மா சுவரில் சாய்ந்தபடி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அந்தக் குறட்டையைக் கேட்டு நான் அழுத அழுகை சந்தோஷத்திலா துக்கத்திலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து பொழுதுபட்டு விளக்கு வைத்ததும் கொஞ்ச நேரம் தம்பியைப் பற்றிக் கதைப்போம். நல்லது தோன்றினால் நல்லது, கெட்டது தோன்றினால் கெட்டது. அது முடிந்தால்தான் சாப்பாடு. சாப்பிட்டபின் அந்தக் கதையை எடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். பயம் போய்விடவில்லை. ஆனால் அம்மாவின் தலையிடி குறைந்தது. ஐயாவின் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு மிஞ்சவில்லை. கால் மட்டும் நீளம் குறைந்து கட்டையாகவே பொருந்தியது. அவர் பிறகு துலாவில் ஏறவேயில்லை.

சண்டை முடிந்தபின், தம்பியோடு வேலை செய்த ஒருவர் வீடு தேடி வந்தார். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோன இடத்தில் காய்ச்சலில் போய்விட்டான் என்றார். வீடு செத்த வீடானது. ஒப்பாரி ஓய்ந்த ஒரு நேரத்தில் ஐயா மூலையில் சுருண்டு நித்திரையாகிவிட்டார். மகன் செத்த செய்தி வந்த அன்றைக்கும் நித்திரை கொள்ளுகிற தகப்பனா என்று வந்தவர்கள் காதோடு காதாகக் கதைத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த மனிதர் தன் பிள்ளைக்காக விளக்கு வைத்த நேரமெல்லாம் அழுதவர் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்?

எனக்கும் வயதாகிவிட்டது. வீட்டில் யாராவது "ஒண்டுமில்லை" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால், துலாவில் திறந்த கண்ணோடு நடந்த ஐயாதான் எனக்குத் தெரிகிறார். அவர்கள் வாய் திறக்கும் வரைக்கும் நான் பக்கத்தை விட்டு எழும்புவதில்லை.