சியாகுல்லியில் இறக்கிய தண்ணீர்

பலேர்மோ நகரின் ஓரத்தில், சியாகுல்லியின் மாண்டரின் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே என் வீடு புதைந்து நிற்கிறது. வீடு என்றால் பிக்கப் லாரியின் முதுகில் ஏற்றிய பெட்டி. கட்டில், அடுப்பு, முந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள் உண்டு. தார்ச்சாலையை விட்டு மண்தடத்தில் இறங்கியதுமே பின்சக்கரங்கள் மாவு போன்ற மண்ணுக்குள் போய்விட்டன.

ஆகஸ்ட் வெயில் சாய்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கிறேன். தூசி பொன்னாக எழும்பி மிதக்கிறது. வண்டி மட்டும் இன்னும் இறங்குகிறது. வாய்விட்டுத் தமிழில் திட்டுகிறேன். மரங்களுக்குள்ளிருந்து தமிழிலேயே பதில் வருகிறது.

"மிதியாதேங்கோ, இன்னும் தாழும்!"

தோப்பில் வேலை செய்பவர், மன்னார்க்காரர். டயர்களில் காற்றைக் குறைத்துவிட்டுப் பெட்டியைத் தட்டிப் பார்க்கிறார்.

"தாங்கியிலை எவ்வளவு தண்ணி நிக்குது?"

"முழுசா இருக்கு. காலையிலதான் நிரப்பினேன்."

"இவ்வளவு பாரத்தோடையோ மண்ணிலை இறங்கினனீங்கள்?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் சென்னைக்காரன். குழாயில் தண்ணீர் வந்தால் நிரப்பாமல் நகர மாட்டேன்.

"திறந்து விடுங்கோ."

எனக்கு மனம் வரவில்லை. அவரே தொட்டியில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, வாடிய மரங்களின் அடியில் தண்ணீரை விடுகிறார். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் சத்தம், யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல் கேட்கிறது. தொட்டி காலியானதும் மெதுவாக நகர்த்துகிறேன். வண்டி படகுபோல் ஆடி மேலே வருகிறது.

நன்றி சொல்கிறேன். அவர் ஒரு கிளையை வளைத்து, கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய பச்சைக் காய்களைக் காட்டுகிறார்.

"பங்குனியிலை வாங்கோ. உங்கட தண்ணி இதுக்குள்ளைதான் இருக்கும்."