கல்லாவை மறைத்த பெரியவர்

அடையாள அட்டையில் அவனுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூட நாளில் அவன் தலைமுடிக்குள் செருகிய பென்சில் காணாமல் போய், வகுப்பே பைகளைக் கொட்டித் தேடியது. சாயங்காலம் அம்மா தலை துவட்டிவிட்டபோது அது தரையில் விழுந்தது. அன்றிலிருந்து அவன் புதர். வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் பெயர் போகவில்லை. முடிதான் போக ஆரம்பித்தது.

போவது அவனுக்கே தெரியாது. கண்ணாடி காட்டுவது முன்பக்கத்தை. அங்கே எல்லாம் பழையபடி அடர்த்தியாகத்தான் இருந்தது. இருபத்தாறு வயதில் உச்சந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு எவன் இருப்பான்?

கடைகளிலும் அலுவலகங்களிலும் கண்காணிப்புக் கேமரா மாட்டுவது அவன் தொழில். கூட வேலை செய்பவரை எல்லாரும் ஏணியண்ணன் என்பார்கள். ஏணியைத் தன்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பவர். சுவரில் துளை போடுவது, ஒயர் இழுப்பது எல்லாம் இருவரும் சேர்ந்து. கடைசியில் அண்ணன் ஏணியில் நின்று கேமராவைத் திருப்புவார். புதர் கீழே திரையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வலது, போதும் போதும்" என்பான்.

அன்றைக்கு ஒரு செருப்புக் கடை. அங்கே இருந்த கண்ணாடிகள் எல்லாம் முழங்கால் உயரம்தான். கல்லாவுக்கு நேர் மேலே கேமரா, கல்லா மேசையில் திரை. திரையில் படம் வந்ததும் புதர் முகம் சுளித்தான்.

"அண்ணே, கல்லாகிட்ட ஒரு பெரியவர் மறைச்சுக்கிட்டு நிக்கிறாரு. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

ஏணியண்ணன் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "எந்தப் பெரியவர்?"

"அதான், உச்சியில வழுக்கையா, நீலச் சட்டை போட்டுக்கிட்டு..."

அண்ணன் கீழே நின்ற புதரின் தலையைப் பார்த்தார். பிறகு ஏணி குலுங்க ஆரம்பித்தது. அண்ணன் சிரித்த சிரிப்பில் ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது.

"டேய் புதரு, குனிஞ்சு உன் சட்டைய ஒரு தடவை பாருடா."

புதர் குனிந்தான். திரையிலிருந்த பெரியவரும் ஒரு நொடி தாமதமாகக் குனிந்தார். டீக் கோப்பைத் தட்டு அகலத்துக்கு உச்சி வெளுத்துத் தெரிந்தது. செருப்பு வாங்க வந்தவர்கள், ஒற்றைக் காலில் புதுச் செருப்போடு, என்ன விஷயம் என்று தெரியாமலே சிரித்தார்கள். புதரும் சிரித்து வைத்தான். கை மட்டும் தானாகத் தலைக்குப் போயிற்று.

மறுநாள் அவன் தொப்பியோடு வந்தான். ஏணியிலும் அவனே ஏறினான். மேலே இருப்பவன் தலையை யார் பார்க்கப் போகிறார்கள்? பல வருஷமாக ஏணியை விட்டுக்கொடுக்காத அண்ணன், கீழே நாற்காலியும் டீயும் கிடைத்ததும் விட்டுக்கொடுத்துவிட்டார்.

தொப்பி போட்டதற்குக் கடைக்காரர்கள் மட்டும் காரணமல்ல. இன்னொரு ஆள் இருந்தாள்.

அக்காவின் தோழிக்கு ஒரு தங்கை. பார்சல் அலுவலகத்தில் முன்மேசையில் வேலை. அக்காதான் இருவருக்கும் எண் கொடுத்துப் பேசச் சொன்னாள். புதரின் போட்டோ என்று அக்கா அனுப்பியது தன் கல்யாணத்தில் எடுத்ததை. அதில் அவன் தலை பக்கத்தில் நின்றவர் முகத்தில் பாதியை மறைத்திருந்தது. போனில் ஆரம்பித்த பேச்சு நிற்கவே இல்லை. பார்சல் ஆபீஸ் பெண் வாயைத் திறந்தால் அவனுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். முகவரி எழுதாமல் பார்சலைக் கொடுத்துவிட்டு, "அவருக்குத் தெரியும், கொடுத்திடுங்க" என்று சொல்லிப் போனவரின் கதையை அவன் நாலு தடவை திரும்பச் சொல்லச் சொன்னான்.

செருப்புக் கடைக்குப் பிறகு, அவள் வீடியோ காலில் பேசலாம் என்றபோதெல்லாம் அவன் தட்டிக் கழித்தான்.

"ஊரெல்லாம் கேமரா மாட்டுறீங்க. உங்க போன்ல இருக்கிற கேமரா மட்டும் வேலை செய்யலையா?" என்றாள்.

"அது... ரிப்பேருக்குக் கொடுக்கணும்."

"யார்கிட்ட? நீங்கதானே அந்தக் கடை?"

இந்தக் குரல் இல்லாமல் ஒரு நாள் ஓடாது என்பது அவனுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. உச்சியைப் பார்த்ததும் இந்தக் குரல் நின்றுவிட்டால்? அதுதான் பயம்.

தோல் மருத்துவரிடம் போவது என்று முடிவு செய்தான். அப்பாவுக்குத் தெரியாமல் போகத்தான் நினைத்தான். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவனுடைய வயதில் தொடங்கி முப்பது தாண்டுவதற்குள் முழு வழுக்கை. அந்தத் தலையை ஒரு நோய் போலச் சொல்லி மருந்து கேட்பது அவருக்கு வலிக்குமோ என்று அவனுக்குத் தயக்கம். ஆனால் ஓய்வு பெற்ற டிரைவரின் வீட்டிலிருந்து யாரும் சொல்லாமல் கிளம்ப முடியாது. "நானும் வர்றேன்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் அம்மா நிமிரும் முன்னே அப்பா ஆரம்பித்துவிட்டார். "என் தலை என் மகனுக்குப் போயிடுச்சு டாக்டர். திருப்பி வாங்கிக்க வழி இருக்கா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே புதரின் உச்சியை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். எப்போதிலிருந்து, உடம்புக்கு வேறு ஏதாவது உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார். பிறகு நேராகச் சொன்னார்.

"இது வம்சத்துல வர்றது. தண்ணி மாறினதாலயோ ஹெல்மெட் போட்டதாலயோ இல்ல. நோயும் இல்ல. அப்படியே விட்டாலும் உடம்புக்கு ஒரு கெடுதலும் கிடையாது. வைத்தியம் வேணும்னா இப்பவே ஆரம்பிக்கிறது நல்லது. இருக்கிற முடியை நிறுத்தி வைக்கிறது சுலபம், போனதைக் கொண்டுவர்றது கஷ்டம்."

"அம்மா வழியிலயும் வருமா டாக்டர்?" என்றார் அப்பா.

"ரெண்டு பக்கமும் பங்கு உண்டு."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய மாமனார் தலையும் அதே தலைதான். வழுக்கை உங்கள் வம்சம்தான் என்று அம்மா சுமத்திவந்த முப்பது வருஷப் பழியில் பாதி அன்றைக்கு இறங்கியது.

தலையில் தடவும் மருந்து ஒன்று, மாத்திரை ஒன்று என்று டாக்டர் இரண்டைச் சொன்னார். மாத்திரையால் சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையலாம், மனசு சோர்ந்து போகலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே வந்து சொல்ல வேண்டும் என்றார். அப்பா அந்த நேரம் பார்த்து மின்விசிறியை ஆராய்ந்தார். புதர் தடவும் மருந்தோடு ஆரம்பிக்கிறேன் என்றான்.

"சரி. ஆனா மூணு விஷயம். பலன் தெரிய ஆறு மாசமாவது ஆகும், சில சமயம் ஒரு வருஷம். நிறுத்தினா காப்பாத்தின முடியும் போயிடும். அப்புறம், முதல் சில வாரம் கொட்டுறது அதிகமாகும். பயந்து நிறுத்தக் கூடாது."

"அதிகமாகுமா?"

"பழைய முடி விழுந்துதான் புதுசு வரும்."

"டாக்டர், எனக்கு ஏதாவது..." என்று அப்பா தலையை நீட்டினார்.

"உங்களுக்குத் தொப்பி. வெயில்ல வெளிய போகும்போது."

வீட்டுக்கு வந்ததும் அப்பா வாசலிலிருந்தே அம்மாவிடம் அறிவித்தார். "கேட்டுக்கோ, பாதி உங்க வீட்டுச் சொத்து! டாக்டரே சொல்லிட்டாங்க." அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். அன்று முழுக்க அந்த வழக்கு நடந்தது. அப்பாவுக்கு வலிக்குமோ என்று தான் தயங்கியது எவ்வளவு வீண் என்று புதருக்குப் புரிந்தது. மனிதர் வழக்கில் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தார்.

ஆனால் மருந்துக் குப்பி அலமாரியிலேயே இருந்தது. புதர் தினமும் அதை எடுப்பான், வைப்பான். தடவினால் முதலில் கொட்டும். கொட்டுகிற நேரத்தில் அவள் பார்த்துவிட்டால்? தடவாவிட்டால் மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு வருஷம் கழித்துச் சந்திக்கலாம் என்றால், அதுவரை போன் கேமரா ரிப்பேர் என்று எத்தனை தடவை சொல்வது? எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் அவள் முகம் வந்து நடுவில் நின்றது.

அப்படியே நாள் ஓடியபோது ஒரு சாயங்காலம் போனில் அவள் சொன்னாள். "நாளைக்கு எங்க ஆபீஸ்ல கேமரா மாட்ட ஆள் வர்றாங்களாம்."

"எந்த கம்பெனி?"

"நான்தான் மேனேஜர்கிட்ட ஒரு நல்ல கம்பெனி சொன்னேன்."

புதர் முதலாளியிடம் வேறு ஆளை அனுப்பச் சொல்லிப் பார்த்தான். வேறு ஆள் இல்லை. சரி, ஏணியும் தொப்பியும் இருக்கின்றன என்று தேற்றிக்கொண்டான்.

பார்சல் அலுவலகம் பெரிய கூடம். தராசு, ஒட்டும் டேப்பின் கிறீச் சத்தம், கூரை வரை அட்டைப் பெட்டிகள். முன்மேசையில் அவள். போட்டோவில் பார்த்ததைவிட உருவம் சின்னது, கண் பெரியது. அவனைப் பார்த்ததும் எழுந்து நின்று, பிறகு ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் ஒரு பெட்டியை எடுத்துத் தராசில் வைத்தாள். அவன் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு ஏணியை நோக்கி ஓடினான்.

ஏணியில் ஏற்கெனவே அண்ணன் நின்றார்.

"இறங்குங்கண்ணே, நான் ஏறுறேன்."

"போடா. உன்னால கீழ உக்காந்து உக்காந்து எனக்குத் தொப்பை போட்டுடுச்சு. வீட்டுல அவ சாப்பாட்டைக் குறைக்கிறேங்கிறா. இனிமே ஏணி என்னோடது."

திரையை முன்மேசையில்தான் வைத்தார்கள். பார்க்க வேண்டியவள் அவள். கேமராவுக்குக் கீழே இடம் இடமாக நின்று காட்ட வேண்டியவன் அவன்.

மேனேஜர் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து திரையைப் பார்த்தார். "தம்பி, தொப்பி நிழல்ல முகமே தெரியல. கழட்டிட்டு நில்லுங்க."

புதர் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லை, கழற்றினான். அவளுக்கு முதுகைக் காட்டி நின்றாலும் தப்ப முடியாது, திரையில் மேலேயிருந்து எல்லாம் தெரியும். டேப் சத்தம்கூட நின்றுவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

"தெரியுதா?" என்றான்.

"தெரியுது."

"முகமா?"

"எல்லாம் தெரியுது. இடது பக்கம் தள்ளுங்க. இன்னும் கொஞ்சம்." திரையை உற்றுப் பார்த்தாள். "அங்க விளக்கு நேரா படுது, வெளிச்சம் தெறிக்குது. ஆபீசுக்கு ஒரு விளக்கு மிச்சம் சார்."

மேனேஜருக்கு முதலில் புரியவில்லை. ஏணியில் அண்ணன் குலுங்க ஆரம்பித்தார். புதர் திரும்பி அவளைப் பார்த்தான். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, தோள் ஆடச் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் போனில் கேட்ட அதே சிரிப்பு. அவனுக்குள் எதுவோ அவிழ்ந்தது. அவனும் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மதியம் லாரி நிற்கும் மேடையின் விளிம்பில் இருவரும் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"இதுக்கா கேமரா ரிப்பேர்?" என்றாள்.

"போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே."

"போட்டோவுல இருந்த முடிகிட்டயா நான் தினமும் பேசினேன்? அது ஒரு வார்த்தை பேசல."

அவன் செருப்புக் கடையில் கல்லாவை மறைத்த பெரியவரிலிருந்து மருந்துக் குப்பி வரை எல்லாம் சொன்னான்: டாக்டர் சொன்னது, கொட்டப் போவது, ஒரு வருஷக் கணக்கு.

"போட்டா போடுங்க, போடாட்டி விடுங்க. எனக்காகன்னு மட்டும் வேண்டாம். அப்புறம் நீங்க மறக்கிற நாளெல்லாம் நான் ஞாபகப்படுத்தணும். எனக்கே ஆயிரம் வேலை."

புதர் யோசித்தான். அவள் முகம் இப்போது கணக்குக்கு நடுவில் இல்லை, பக்கத்தில் இருந்தது. கணக்கு சட்டென்று சின்னதாகிவிட்டது.

"எனக்கு என் முடி பிடிக்கும்," என்றான். "குளிச்சிட்டு அதை இழுத்து இழுத்துச் சீவுறது பிடிக்கும். இருக்கிறதாவது இருக்கட்டும். நின்னா நல்லது. நிக்கலன்னா மொட்டை அடிச்சுட்டு அப்பா கூடப் போட்டோ எடுத்துக்கிறேன்."

"அப்ப போடுங்க."

அன்று சாயங்காலமே குப்பியைத் திறந்தான். தலையைத் துவட்டிக் காயவைத்துவிட்டு, கண்ணாடி முன் நின்றபோதுதான் சிக்கல் தெரிந்தது. மருந்து முடியில் படக் கூடாது, தோலில் பட வேண்டும். தன் உச்சியைத் தானே யாரால் பார்க்க முடியும்? போனை அலமாரியின் மேல் தட்டில் சாய்த்து வைத்து, கேமராவைத் திறந்து, அவளைக் கூப்பிட்டான்.

முதல் வீடியோ காலில் அவள் பார்த்தது ஓர் உச்சந்தலையையும், அதன் மேல் தடுமாறும் சொட்டுக் குழாயையும்தான்.

"வலது பக்கம். இன்னும் கொஞ்சம். ஐயோ, நெத்தியில வழியுது, துடைங்க!"

"சரியா?"

"சரி. விரல் நுனியால மெதுவா தடவுங்க. முடிச்சதும் கையைக் கழுவணும், மறந்திடாதீங்க."

"ஞாபகப்படுத்த மாட்டேன்னு சொன்னீங்க?"

"இன்னிக்கு ஒரு நாள்தான்."

அந்த நேரம் கதவு திறந்தது. "டேய், யாருகிட்டடா பேசுற? எனக்கு ஒரே ஒரு சொட்டு..." என்று அப்பா உள்ளே தலையை நீட்ட, திரை முழுக்க ஒரு பளபளப்பு நிறைந்தது. மறுமுனையில் அவள் சிரித்த சிரிப்பு சமையலறையில் இருந்த அம்மாவுக்கே கேட்டது.

"அண்ணே," என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு, ஏணியண்ணனைக் கூப்பிடும் புதரின் குரலை அப்படியே பிடித்து, "ஒரு பெரியவர் மறைச்சுக்கிட்டு நிக்கிறாரு. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."