கடல் தெரிய வேண்டும் என்று கேட்டவன் நான்

கூடுவாஞ்சேரியிலிருந்து கடப்பாக்கத்துக்குப் போன ஞாயிறு பைக்கில் போனேன், கோட்டை பார்க்க அல்ல. போன வருடம் அங்குள்ள ஆலம்பரைக் கோட்டைக்குப் போய்வந்து இதே பக்கத்தில், “ரோட்டோரக் கொட்டகைகள் கடலை மறைக்கின்றன” என்று புலம்பினேன். அதோடு விட்டேனா? அரசின் புகார்ப் பக்கத்திலும் ஏற்றினேன். போன மாதம் வாசகர் ஒருவர் படம் அனுப்பினார். கொட்டகைகளை இடித்துவிட்டார்கள். அவை மீனவர்கள் வலை வைக்கும் கொட்டகைகளாம். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

காலை ஐந்துக்குக் கிளம்பினேன். கருங்குழியில் இட்லி, வடை, காப்பி 70 ரூபாய். மதுராந்தகம், செய்யூர் வழியாக 85 கி.மீ. ஏழரைக்குச் சேர்ந்தேன்.

கரையில் பெரிய வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நின்று வேடிக்கை பார்க்கக் கூச்சமாக இருந்ததால் நானும் கயிற்றைப் பிடித்தேன். உள்ளங்கை எரிந்தது. மீன் விற்கும் மஞ்சுளா என்ற அக்கா ஒரு பையில் மீன் போட்டு நீட்டினார். பர்ஸை எடுத்தேன்.

“டப்பு வேணாம் தம்பி. கயிறு புடிச்சவங்களுக்கு மீன் உண்டு, இங்க அதான் வழக்கம்.”

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. புகார் கொடுத்தது நான்தான் என்றேன். அவர் முகம் மாறியது.

“வலையெல்லாம் வெய்யில்ல கெடந்து நைஞ்சு போய்கினு கீது. உன்னாலதானா?”

“இடிச்சது கவர்மென்ட்டுங்க,” என்று இழுத்தேன்.

“நீ கேட்ட, அவுங்க இடிச்சாங்க. அவுங்களுக்கு ஓட்டு போட்டது நானுந்தான், இல்லன்னு சொல்லல. வெள்ளிக்கெழம வல வைக்க எடம் கேட்டு மனு குடுக்கப் போறோம். போனா உன் புகாரத்தான் எடுத்து காட்டுவாங்க. தெரியாம எழுதிட்டேன்னு நீயே வந்து சொல்லு.”

வருகிறேன் என்றேன். மீனைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “கயிறு புடிச்ச இல்ல, எடுத்துகினு போ,” என்றார். திட்டித் துரத்தியிருக்கலாம். அந்த அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அரசு செய்ததில் என் பொறுப்பு எவ்வளவு என்று வழியெல்லாம் யோசித்தேன். கணக்காகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

போகிறவர்களுக்கு: போக வர பெட்ரோல் 350 ரூபாய். ஏழரைக்குள் போனால் வலை இழுப்பதைப் பார்க்கலாம், தொப்பி அவசியம். எதையாவது அகற்றச் சொல்லிப் புகார் எழுதத் தோன்றினால், முதலில் உள்ளே போய் அங்கே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எனக்குப் புகார் எழுத மூன்று நிமிடம் ஆனது. வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டிருக்கிறேன்.